ஏஐ யாரையும் வேலையை விட்டு அனுப்பவில்லை

பிளஸ் டூ முடித்த பிள்ளை இருக்கிற வீடு எதுவானாலும் சரி, திண்டுக்கல் பக்கம் இப்போது ஒரே பேச்சுதான். "கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்க்கலாமா, வேண்டாமாங்க? ஏஐ வந்து வேலையெல்லாம் போயிடுச்சாமே!" நிலக்கோட்டையில் பூ வியாபாரம் செய்பவர் கேட்கிறார். ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருப்பவர் கேட்கிறார். வேடசந்தூர் மில்லில் ஷிப்ட் பார்க்கும் அம்மாவும் கேட்கிறார். சென்னையிலோ பெங்களூரிலோ நாலு வருஷம் வேலை பார்த்துவிட்டு, வேலை போய் ஊர் திரும்பிய பையனைப் பற்றிப் பேச்சு வந்தாலும் அதே பதில்தான்: "அவன் என்ன பண்ணுவான் பாவம், ஏஐ வந்துடுச்சு." மழை பொய்த்ததைச் சொல்வதுபோல, யார் கையிலும் இல்லாத ஒரு காரியமாக அதைச் சொல்கிறார்கள்.

இந்த நம்பிக்கை தவறானது. ஆட்களை வெளியே அனுப்புகிறவர்களுக்கு இதைவிட வசதியான நம்பிக்கையும் வேறில்லை. வேலைநீக்கம் ஒரு முடிவு. அதை எடுத்தவருக்குப் பெயர் இருக்கிறது, பதவி இருக்கிறது, அந்த முடிவைக் கேட்டுச் சரி என்று தலையாட்டிய இயக்குநர் குழு இருக்கிறது. "ஏஐ வந்துடுச்சு" என்று சொன்ன அந்த நிமிஷத்தில் இத்தனை பேரையும் நாம் விடுதலை செய்துவிடுகிறோம்.

2025 ஜூலைக் கடைசியில் டிசிஎஸ் நிறுவனம் தன் ஊழியர்களில் 2 சதவீதத்தை, அதாவது சுமார் 12,000 பேரை, அந்த நிதியாண்டுக்குள் குறைக்கப்போவதாக அறிவித்தது. பெரும்பாலும் நடுநிலை, மேல்நிலைப் பொறுப்புகளில் இருந்தவர்கள். நம் ஊர் வாட்ஸ்அப்பில் அந்தச் செய்தி வந்து சேர்ந்தபோது "ஏஐயால் 12,000 பேர் வேலை காலி" என்று ஆகியிருந்தது. ஆனால் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி கே. கிருத்திவாசன் சொன்னது வேறு. ஏஐயால் கிடைக்கும் உற்பத்தித்திறன் இதற்குக் காரணம் கிடையாது, சிலரை அவர்கள் திறனுக்கேற்ற வேலையில் அமர்த்த முடியாமல் போனதே காரணம் என்றார் அவர். வெளியே அனுப்புகிறவரே ஏஐ மேல் பழி போடவில்லை. அந்தப் பழியை நாமே வலியப் போய் எடுத்துக் கொடுத்தோம்.

அதற்கு முந்தின மாதம் நடந்ததைப் பாருங்கள். ஒரு புராஜெக்ட் முடிந்து அடுத்தது கிடைக்கும்வரை ஊழியர் சம்பளத்தோடு காத்திருப்பதை அந்தத் தொழிலில் பெஞ்ச் என்பார்கள். 2025 ஜூனில் அதே நிறுவனம் ஒரு விதியைக் கொண்டுவந்தது. வாடிக்கையாளரிடம் பில் போடக்கூடிய வேலை ஒருவருக்கு ஆண்டுக்கு 225 நாள் இருக்க வேண்டும், பெஞ்சில் 35 நாளுக்குமேல் இருக்கக் கூடாது. புதிய புராஜெக்ட் பிடித்து வருவது நிர்வாகத்தின் வேலை, விற்பனைப் பிரிவின் வேலை. அது நடக்காமல் போனால் அதன் செலவு அதுவரை கம்பெனி தலையில் இருந்தது. அந்த விதி அதை ஊழியர் தலைக்கு இறக்கி வைத்தது. இதை எழுதியது ஏஐ என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

கம்பெனி நொடித்துப் போயிருந்ததா என்றால் அதுவும் இல்லை. அந்த ஜூன் காலாண்டில் அதன் நிகர லாபம் 12,760 கோடி ரூபாய், முந்தின ஆண்டைவிட 6 சதவீதம் அதிகம். வருவாய் சுணங்கியது உண்மை. பிஎஸ்என்எல் 4ஜி வேலை முடிவுக்கு வந்துகொண்டிருந்தது, அமெரிக்க வாடிக்கையாளர்கள் செலவைச் சுருக்கியிருந்தார்கள். இதெல்லாம் எந்தக் காலத்திலும் எந்த வியாபாரத்திலும் வருகிற காரணங்கள். லாபத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு ஆட்களை வைத்துக்கொள்ளலாம், அல்லது லாபத்தைக் காப்பாற்றிக்கொண்டு ஆட்களை அனுப்பலாம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அதே ஜூலையில் இன்ஃபோசிஸ் தலைமைச் செயல் அதிகாரி சலில் பரேக், தங்களிடம் ஆட்குறைப்புத் திட்டம் இல்லை, அந்த ஆண்டில் 20,000 ஃப்ரெஷர்களை எடுக்கப்போகிறோம் என்று அறிவித்தார். இரண்டு கம்பெனிக்கும் அதே ஏஐ, அதே அமெரிக்கச் சந்தை, அதே ஆண்டு. ஒன்று 12,000 பேரை அனுப்புகிறது, இன்னொன்று 20,000 பேரை எடுக்கிறது. இயந்திரம்தான் முடிவு செய்கிறது என்றால் இது எப்படி நடக்கும்? இன்ஃபோசிஸைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. 2022இல் ஆஃபர் லெட்டர் கொடுத்துவிட்டு, ஒரு பகுதியினரை 2024 அக்டோபர்வரை காக்க வைத்து, பிறகு பயிற்சித் தேர்வில் தேறவில்லை என்று 2025 பிப்ரவரியில் மைசூர் வளாகத்திலிருந்து முந்நூறுக்கும் மேற்பட்டவர்களை வெளியே அனுப்பியதும் அதே நிறுவனம்தான்.

இந்தக் கதையின் தொடக்கம் கோவிட் காலத்தில் இருக்கிறது. உலகமே வீட்டுக்குள் உட்கார்ந்து கம்ப்யூட்டர் வழியாகப் பிழைத்தபோது வேலை குவிந்தது. 2021-22 நிதியாண்டில் மட்டும் டிசிஎஸ் ஒரு லட்சம் ஃப்ரெஷர்களை எடுத்தது, இன்ஃபோசிஸ் 85,000 பேரை எடுத்தது. அமெரிக்க மத்திய வங்கி அப்போது வட்டியைக் கிட்டத்தட்ட பூஜ்யத்தில் வைத்திருந்தது. 2022 மார்ச்சில் ஏற்றத் தொடங்கி, 2023 ஜூலைக்குள் 5.25 சதவீதத்துக்கு மேல் கொண்டுபோனது. கடன் விலை ஏறியதும் அமெரிக்க வங்கிகளும் கடைகளும் சாஃப்ட்வேர் செலவில் கை வைத்தன. இந்தத் திருப்பம் தொடங்கிய சமயத்தில் சாட்ஜிபிடி பிறக்கவே இல்லை. அது வந்தது 2022 நவம்பரில்.

இன்னும் பின்னால் போகலாம். 2014 டிசம்பரிலும் 2015 ஜனவரியிலும் சென்னையில் டிசிஎஸ் ஊழியர்கள் வேலைநீக்கத்தை எதிர்த்துத் தெருவுக்கு வந்தார்கள். கர்ப்பிணியான ஓர் ஊழியரை நீக்கியதற்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அப்போது சொல்லப்பட்ட காரணம் "செயல்திறன் போதவில்லை". 2017இல் காக்னிசன்ட்டில் ஆட்குறைப்பு நடந்தபோது எல்லோரும் "ஆட்டோமேஷன்" என்றார்கள். இப்போது "ஏஐ". காரணம் சட்டை மாற்றிக்கொண்டே வருகிறது. நடு வயதில், கொஞ்சம் கூடச் சம்பளம் வாங்குகிறவரை அனுப்பிவிட்டுக் குறைந்த சம்பளத்தில் புதியவரை வைத்துக்கொள்ளும் கணக்கு மட்டும் மாறவே இல்லை.

அனுப்பும் முறையையும் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த சின்னாளபட்டிப் பையன் ஒருவன், பெங்களூரில் ஒரு கம்பெனியில் ஆறு வருஷம் டெஸ்டிங் வேலை பார்த்தவன். ஒரு மத்தியானம் அவனை ஹெச்.ஆர். ஒரு சின்ன அறைக்குக் கூப்பிட்டார்கள். மேசையில் தண்ணீர் பாட்டில், எதிரே இரண்டு பேர். போனை வெளியே வைத்துவிட்டு வரச் சொல்லியிருந்தார்கள். "நீங்களாகவே பேப்பர் போட்டுட்டீங்கன்னா ரெண்டு மாசச் சம்பளம், சுத்தமான ரிலீவிங் லெட்டர். இல்லேன்னா டெர்மினேஷன். அடுத்த கம்பெனி பேக்ரவுண்ட் செக் பண்ணும்போது உங்களுக்குத்தான் கஷ்டம்." அரை மணி நேரத்தில் முடிவு சொல்லச் சொன்னார்கள். அவர்கள் காட்டிய வாசகத்தை அப்படியே டைப் அடித்து அனுப்பிவிட்டு எழுந்து வந்தான். ஊருக்கு வந்ததும் அப்பாவிடம் சொன்னது, "ஏஐ வந்துடுச்சுப்பா, எங்க டீமே காலி." அந்த அறையில் இருந்த இரண்டு பேரும் மனிதர்கள். ஏஐ என்ற சொல்லை அவர்கள் உச்சரிக்கக்கூட இல்லை என்று பிறகு அவனே என்னிடம் சொன்னான்.

ஏன் ராஜினாமாவாக எழுதி வாங்குகிறார்கள்? ஆட்குறைப்பு என்று பதிவானால் சட்டம் உள்ளே வரும். ஐடி ஊழியர்களும் தொழிற்சங்கம் அமைக்கலாம், தொழிலாளர் சட்டங்களிலிருந்து அந்தத் துறைக்கு விலக்கு இல்லை என்று தமிழ்நாடு அரசு 2016இலேயே தெளிவுபடுத்திவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, ஆட்குறைப்பு செய்யப்பட்ட ஒவ்வொரு தொழிலாளிக்கும் 15 நாள் சம்பளத்தை நிறுவனம் மறுதிறன் நிதிக்குக் கட்ட வேண்டும் என்கிறது. அதற்குமேல் நோட்டீஸும் இழப்பீடும் தனி. தானாகப் பேப்பர் போட்டவருக்கு இதில் எதுவும் கிடையாது. மேலாளர் என்று பதவிப் பெயர் கொடுத்துவிட்டால் தொழிலாளி என்ற வரையறைக்குள்ளேயே வர முடியாது என்று வாதாடவும் வழி இருக்கிறது. இவ்வளவு நுட்பமாகச் செய்யப்படும் காரியத்துக்கு நாம் ஒரு மென்பொருளைக் குற்றவாளி ஆக்குகிறோம்.

ஏஐயால் ஒன்றும் ஆகாது என்று நான் சொல்ல வரவில்லை. அது கோடு எழுதுகிறது, டெஸ்ட் கேஸ் தயாரிக்கிறது, வாடிக்கையாளர் கேள்விக்குப் பதில் சொல்கிறது. தினமும் பயன்படுத்துகிறவர்களுக்கு அதன் பலம் தெரியும். ஆனால் அது செய்வதாகச் சொல்லப்படுவதற்கும் செய்வதற்கும் இடையில் பெரிய தூரம் இருக்கிறது. ஸ்வீடனைச் சேர்ந்த கிளார்னா நிறுவனம், தன் ஏஐ உதவியாளர் 700 பேர் செய்யும் வேலையைச் செய்கிறது என்று 2024இல் பெருமையாக அறிவித்தது. அடுத்த ஆண்டே, சேவையின் தரம் குறைந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டு மறுபடி மனிதர்களை எடுக்கத் தொடங்கியது. அமெரிக்காவில் மெட்ர் என்ற ஆய்வு அமைப்பு 2025 ஜூலையில் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டது. அனுபவமுள்ள 16 புரோகிராமர்கள் தங்களுக்கு நன்கு பழகிய வேலைகளை ஏஐ துணையோடு செய்தபோது 19 சதவீதம் கூடுதல் நேரம் பிடித்தது. அவர்களோ தாங்கள் 20 சதவீதம் வேகமாகச் செய்ததாகவே நம்பிக்கொண்டிருந்தார்கள். கூடவே இருந்து வேலை செய்தவர்களுக்கே அந்த மயக்கம் என்றால், கம்பெனி அறிக்கையையும் ஃபார்வர்டு செய்தியையும் மட்டும் பார்க்கிற நமக்கு எவ்வளவு இருக்கும்?

2025 அக்டோபரில் அமேசான் 14,000 அலுவலக ஊழியர்களைக் குறைப்பதாகச் சொன்னபோது அந்த அறிவிப்பில் ஏஐ பற்றிய பேச்சு இருந்தது. உலகம் முழுக்க அதுவே தலைப்பானது. சில நாளில் அதன் தலைவர் ஆண்டி ஜாஸி முதலீட்டாளர்களிடம் பேசும்போது, இது இப்போதைக்கு ஏஐயால் வந்ததுகூட இல்லை, நிர்வாக அடுக்குகள் அதிகமாகிவிட்டதால் எடுத்த முடிவு என்றார். தலைப்புச் செய்தி நம் ஊர்வரை வந்தது. திருத்தம் வரவில்லை.

எதிர்த்தரப்பில் வலுவான சான்று ஒன்று உண்டு, அதை மறைத்துவிட்டு வாதாடுவது நியாயமில்லை. 2025 ஆகஸ்டில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் எரிக் பிரின்யோல்ஃப்சன் குழு அமெரிக்கச் சம்பளப் பட்டியல்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டது. ஏஐ அதிகம் நுழைந்த வேலைகளில் 22 முதல் 25 வயதுவரை உள்ளவர்களின் வேலைவாய்ப்பு மற்றவர்களோடு ஒப்பிடும்போது 13 சதவீதம் சரிந்திருந்தது. கவலைப்பட வேண்டிய கணக்குதான். ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது. ஏஐயை மனிதருக்குப் பதிலாக வைத்த வேலைகளில்தான் அந்தச் சரிவு. மனிதருக்குத் துணையாக வைத்த வேலைகளில் அப்படிச் சரியவில்லை. பதிலாக வைப்பதா, துணையாக வைப்பதா என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்? அந்தக் கருவியை வாங்கிப் போடுகிற முதலாளி.

இப்படிப்பட்ட கதையை நம்புவது திண்டுக்கல்லுக்குப் புதிது இல்லை. நாகல்நகரிலும் நல்லாம்பட்டியிலும் பூட்டுப் பட்டறைகள் இருந்த வீதிகளில் யாரைக் கேட்டாலும் "அலிகார் மிஷின் பூட்டு வந்துச்சு, நம்ம கைப்பூட்டு படுத்துருச்சு" என்பார்கள். அந்தக் கைவேலையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் அருமை தெரியும். இரும்புத் தகட்டை வெட்டி மடக்கிப் பெட்டி ஆக்குவார்கள். உள்ளே வைக்கும் லீவர்களை ஒவ்வொன்றாக அரத்தால் ராவுவார்கள். சாவியைப் போட்டுத் திருகிப் பார்த்து, எங்கே இடிக்கிறதோ அங்கே மறுபடி ஒரு ராவு, மறுபடி சாவி. ஒரு லீவர் இம்மி கூடினாலும் சாவி திரும்பாது. எல்லாம் சரியாக உட்கார்ந்த பிறகுதான் ரிவிட் அடித்து மூடுவார்கள். மாங்காய்ப் பூட்டு, பெல் பூட்டு என்று எத்தனையோ வகை. 2019 ஆகஸ்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதற்குள் பட்டறைகளில் பெரும்பாலும் வயதானவர்களே மிஞ்சியிருந்தார்கள்.

அலிகாரில் நடந்தது என்ன? சிவகாசித் தீப்பெட்டித் தொழிலில் குழந்தைகள் வேலை செய்வதை எதிர்த்து எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குழந்தைத் தொழிலாளரை முதலில் மீட்க வேண்டிய தொழில்கள் என்று ஒன்பதை அந்தத் தீர்ப்பு பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. சிவகாசித் தீப்பெட்டி அதில் ஒன்று. அலிகார் பூட்டு இன்னொன்று. அங்கே கைப்பிரஸ்ஸை இழுத்தும், பாலிஷ் போட்டும், முலாம் பூசும் தொட்டிக்குள் கை விட்டும் உழைத்ததில் குழந்தைகள் இருந்தார்கள். நம் பூட்டைத் தோற்கடித்த மலிவு விலைக்குள் இயந்திரத்தின் வேகத்தோடு அந்தப் பிஞ்சுக் கைகளின் கூலியும் அடங்கியிருந்தது. இந்தப் பக்கம், திண்டுக்கல்லில், உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலி விலைவாசியோடு ஏறவே இல்லை. தொழில் தெரிந்தவர் மகன் பட்டறைப் பக்கம் வராமல் போனதற்கு அதுவே காரணம். கூலியை ஏற்றாமல் வைத்தவர்களும், அலிகார் சரக்கை வாங்கி விற்றவர்களும் நம்மிடையே இருந்தவர்கள். "மிஷின் வந்துடுச்சு" என்று சொன்னதால் அவர்களை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. பட்டறையை விட்டுப் படிக்கப் போன தலைமுறையிடம் இன்று "ஏஐ வந்துடுச்சு" என்கிறார்கள்.

இந்த நம்பிக்கையால் நம் ஊரில் நடக்கும் சேதத்தை நான் அன்றாடம் பார்க்கிறேன். பஸ் ஸ்டாண்டைச் சுற்றிச் சுவர் முழுக்க "ஏஐ கற்றால்தான் எதிர்காலம்" என்ற போஸ்டர். கல்விக் கடனையே அடைக்காத குடும்பம் அந்தப் பயிற்சிக்கும் பணம் கட்டுகிறது. கல்லூரிகளில் பழைய பாடத்திட்டத்துக்கு முன்னால் ஏஐ என்று சேர்த்தால் சீட்டு நிரம்புகிறது. ஃப்ரெஷர் சம்பளம் பெரிய கம்பெனிகளில் பத்து வருஷத்துக்கும் மேலாக ஆண்டுக்கு மூணு, மூணரை லட்சத்தை ஒட்டியே நிற்கிறது. அதைக் கேட்கப் போனால், ஏஐ இருக்கும்போது உனக்கு வேலை கிடைத்ததே பெரிது என்ற பதில் தயாராக இருக்கிறது. எல்லாவற்றையும்விட எனக்குப் பொறுக்காதது, ஊர் திரும்பிய பிள்ளைகள் தங்களையே குற்றம் சொல்லிக்கொள்வது. "நான் அப்டேட் ஆகலண்ணே" என்று தலை குனிந்து சொல்லும் பிள்ளை ஆறு வருஷம் ராத்திரி பகல் பார்க்காமல் அமெரிக்க நேரத்துக்கு உழைத்தவன்.

கேள்வி கேட்டால் என்ன ஆகும் என்பதற்கும் இந்த மாவட்டத்திலேயே சாட்சி இருக்கிறது. ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸைச் சேர்ந்த நாச்சி அப்பேரல் ஆலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் ஒருவர் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். அங்கே பெண்கள் பட்ட தொல்லைகள் அதன் பிறகே வெளியே வந்தன. அவர்கள் விதியை நொந்து உட்காரவில்லை. தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கத்தின் பெண்கள், டார்கெட்டை யார் வைக்கிறார்கள், சூப்பர்வைசருக்கு இவ்வளவு அதிகாரத்தை யார் கொடுத்தார்கள், இந்தத் துணியை யார் வாங்குகிறார்கள் என்று ஒவ்வொரு படியாக மேலே கேட்டுக்கொண்டு போனார்கள். 2022 ஏப்ரலில் ஆலை நிர்வாகம் சங்கத்தோடு ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது. துணி வாங்கும் எச் அண்ட் எம் நிறுவனமும் போட்டது. பின்னால் கேப், பிவிஹெச் நிறுவனங்களும் சேர்ந்தன. ஆலைக்குள் தொழிலாளர்களே கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி பெற்றார்கள். நிர்வாகம் வாக்கை மீறினால் ஆர்டரைப் பாதிக்கும் நடவடிக்கை வரும் என்று எழுத்தில் வாங்கினார்கள். உலகத் தொழிலாளர் வட்டாரத்தில் அதற்குப் பெயரே "திண்டுக்கல் ஒப்பந்தம்".

தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்களைவிட நம் சாஃப்ட்வேர் பிள்ளைகளுக்குப் படிப்பு அதிகம், சம்பளம் அதிகம், ஆங்கிலம் அதிகம். அமெரிக்க வங்கி, நடுவில் இந்தியக் கம்பெனி, அடியில் ஊழியர் என்று சங்கிலியும் ஏறக்குறைய அதேதான். அந்தப் பெண்கள் கேட்ட கேள்வியை இவர்களும் கேட்கலாம்.

பெற்றோரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வேலை போய் வந்த பிள்ளையிடம் "ஏஐ வந்துடுச்சு" என்று ஆறுதல் சொல்லாதீர்கள். என்ன எழுதி வாங்கினார்கள், யார் வாங்கினார்கள் என்று கேளுங்கள். வேலையில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கும் சொல்கிறேன். அறைக்குள் கூப்பிட்டுப் பேப்பர் போடச் சொன்னால் அன்றைக்கே போடாதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வீட்டில் பேசுங்கள், வக்கீலிடம் பேசுங்கள், தொழிலாளர் துறைக்கு மனு எழுதுங்கள். வேலை நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே சங்கத்தில் சேருங்கள்.